மழை அளந்த அக்கா

மராட்டிய மாநிலத்தில், தாபோடியில் நாங்கள் குடிவந்த நான்காம் நாள் காலையில் ஒரு பெண்மணி வந்து கதவைத் தட்டினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, இழுத்து முடிந்த கொண்டை, கையில் நீளமாக ஒரு கண்ணாடிக் குவளை. எந்த ஊர், என்ன பெயர் என்ற பீடிகை ஒன்றும் கிடையாது. "உன் புடவை அரை மில்லி பேஞ்சிருக்குது" என்றார்.

நான் கடலூரிலிருந்து வந்த புதுப்பெண். இந்தி தெரியாது, மராட்டி தெரியாது. இந்த ஊரில் தமிழும் இப்படித்தான் பேசுவார்களோ என்று வெலவெலத்துப்போய் நின்றேன். அவர் குவளையை என் மூக்கருகே நீட்டினார். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

"நேத்து மழை இல்ல. ராத்திரியும் இல்ல. ஆனா குப்பியில தண்ணி இருக்குது. மோந்து பாரு, சோப்பு வாசனை. மழையில சோப்பு வராதும்மா."

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு வரிசைக்கு எதிரே, திறந்தவெளியில், நாலு பக்கமும் கம்பி வேலி போட்ட ஒரு சின்ன இடம் இருந்தது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு உருளையாக ஒன்றை நட்டிருந்தார்கள். மேலே புனல், உள்ளே குப்பி. அது மழை அளக்கிற கருவி என்று எனக்கு யார் சொன்னார்கள்? துணி காயப்போட அரசாங்கமே வேலி கட்டிக் கொடுத்திருக்கிறது என்று நினைத்து, முந்தின நாள் என் ஈரப் புடவையை அதன் குறுக்கே விரித்துவிட்டேன். அது சொட்டியதுதான் அந்த அரை மில்லி.

அந்த அக்கா அதைத் தன் புத்தகத்தில் எழுதினார். மழை: பூஜ்யம். பக்கத்தில் குறிப்பு: ஈரத் துணி. ரேஷன் அட்டையில் என் பெயர் ஏறுவதற்கு முன்பே என் புடவை அரசாங்கப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் இருந்தது கீழ் வரிசை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பத்து வீடுகள், பின்னால் காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு. பவனாவும் முளாவும் சேருகிற இடம் கூப்பிடு தூரம்தான். மேட்டில் இருந்த மாடிக் குடியிருப்புக்கு மேல் வரிசை என்று பெயர். அக்காவின் வீடு அங்கே முதல் மாடியில் இருந்தது.

அவர் கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. அரசாங்கப் பண்டகசாலை ஒன்றில் எழுத்தர் வேலை. மழை அளப்பது அந்த வேலையோடு ஒட்டிக்கொண்ட கூடுதல் பொறுப்பு. மற்றவர்கள் எல்லாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்டதை இவர் இழுத்துப் போட்டுக்கொண்டார். மராட்டிக்காரர்கள் அவரை 'பாவுஸ் மாவ்ஷி' என்பார்கள். மழைச் சித்தி என்று அர்த்தம். நேரில் மரியாதையாகச் சொல்வார்கள், அவர் தலை மறைந்ததும் கொஞ்சம் சிரிப்போடு சொல்வார்கள்.

தினமும் காலை எட்டு இருபத்தைந்துக்குப் படியிறங்குவார். வேலிக் கதவைத் திறந்து, புனலைக் கழற்றி, குப்பியை எடுத்துக் குவளையில் ஊற்றி, அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதென்ன கணக்காக எட்டரை என்று ஒருநாள் கேட்டேன். நாடு முழுக்க மழை அளக்கிற எல்லாரும் அந்த நேரத்தில்தான் குப்பியை எடுப்பார்களாம்.

"கன்யாகுமரியில ஒருத்தன், காஷ்மீர்ல ஒருத்தன், இங்க நானு. எல்லாரும் ஒரே டைம்ல குனியிறோம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தனிக் களை வந்தது. என்னைவிடப் பெரிய குடும்பத்தில் வாக்கப்பட்டவர் என்று அப்போது தோன்றியது.

மழைக்காலத்தில் சரி. டிசம்பரில்? மண்டையைப் பிளக்கிற ஏப்ரல் வெயிலில்? அப்போதும் அதே நடைதான். காய்ந்த குப்பியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பூஜ்யம் போடுவார். எனக்குச் சிரிப்பாக வரும்.

"வானத்தைப் பாத்தாலே தெரியலையாக்கா? இதுக்குப் போயி மாடியிலேருந்து எறங்கி வரணுமா?"

"அரே, இல்லைன்றதையும் பாத்துட்டுதாம்மா சொல்லணும்."

அக்கா என்றால் இதுதான். பார்த்ததைச் சொல்வார், பார்க்காததைச் சொல்லமாட்டார். குழாயடியில் அவரிடம் ஒரு வம்பு பெயராது. ஏழாம் நம்பர் வீட்டில் புருஷன் கை நீட்டினானாமே என்று கேட்டால், "சத்தம் கேட்டேன். பாக்கல" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நாங்கள் நாலு பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்போம்.

வேடிக்கை என்னவென்றால், மழை அளக்கிறவருக்கு மழை வருவதும் தெரியும் என்று ஊரே நம்பியது. வடாம் போடுகிறவர்கள் கேட்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் கேட்பார்கள். ஒரு வருஷம் கணபதி பந்தல்காரர்கள் ஆறு பேர் திரண்டு வந்து, கரைக்கிற நாளில் மழை உண்டா இல்லையா என்று சொன்னால்தான் போவோம் என்று மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா அத்தனை பேருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்து முடித்ததும், "மறுநாள் காலைல எட்டரைக்கு வாங்க, எவ்ளோ பேஞ்சுதுன்னு சொல்றேன்" என்றார். வாக்கு கொடுக்கிற வேலை தன்னுடையது இல்லை, அதற்கு ஆபீசில் பெரிய படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள், தன் வேலை குவளையோடு முடிந்தது என்பது அவர் கட்சி.

இந்தப் பிடிவாதத்தை எல்லாரும் ரசித்தார்கள் என்று சொல்லமாட்டேன். கூடப்பிறந்த தங்கையின் மகளுக்குக் கல்யாணம், காலையில் ஏழரை ஒன்பது முகூர்த்தம். இவர் குவளையோடு இங்கே நின்றுவிட்டுப் பத்தரை மணிக்குக் கோர்படி போய்ச் சேர்ந்தார். தங்கை இரண்டு வருஷம் பேசவில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. அவருடைய கணவர் ராணுவப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். நெஞ்சுவலியில் ஒரு விடிகாலை போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் மேலே கூடியிருந்தோம். கூடத்தில் உடல் கிடக்கிறது. எட்டு இருபத்தைந்துக்கு அக்கா எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனார். கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தோம். குப்பியை எடுத்தார், கவிழ்த்துப் பார்த்தார், எழுதினார், திரும்பி வந்தார். வந்து உட்கார்ந்த பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

"கல்லு" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். நானும் மறுத்துப் பேசவில்லை. பல நாள் எனக்கு அவரோடு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. செத்துப்போனவர் காத்திருக்கலாம், காலிக் குப்பி காத்திருக்கக் கூடாதா என்று மனசு பொருமியது. பிற்பாடு நானே கேட்டும்விட்டேன்.

"எப்படிக்கா முடிஞ்சுது?"

அவர் குவளையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அவருதாம்மா தெனமும் எட்டு இருபதுக்கு 'டைம் ஆச்சு, எழுந்திரு'ன்னு சொல்லுவாரு. அன்னிக்கு அவரு சொல்லல. நானா போனேன்" என்றார். அன்றிலிருந்து அவரை யாராவது கல் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நாங்கள் போன மூன்றாம் வருஷம், அக்கா மழை அளக்கத் தொடங்கி இருபத்தைந்தாம் வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டிசம்பரோடு முடிகிறது. ஒருநாள்கூடப் புத்தகத்தில் கட்டம் காலியில்லாமல் இருபத்தைந்து வருஷம் எழுதினால் மேடையில் கூப்பிட்டுப் பாராட்டுப் பத்திரமும் கேடயமும் கொடுப்பதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அக்கா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கேடயம் வைக்க அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். விழாவுக்கு நான்தான் கூடப் போவதாக முடிவாகியிருந்தது. எந்தப் புடவை என்பது வரைக்கும் பேசிவிட்டோம்.

அந்த வருஷ நவராத்திரிக்கு நான் கொலு வைத்தேன். மழைக்காலம் முழுக்க கீழ் வரிசையில் அரிசி மூட்டை, பெட்டி எல்லாம் பரணில்தான் இருக்கும். ஆறு பின்னாலேயே இருக்கிறதல்லவா. செப்டம்பர் முடிந்ததும் இறக்குவோம். இறக்கிய மூன்று டிரங்குப் பெட்டியையும் ஒரு மேஜையையும் அடுக்கி, மேலே வேட்டி விரித்து ஐந்து படி கட்டினேன். பெட்டிகளுக்குள் வீட்டுக்காரரின் சான்றிதழ்கள், மகளின் பிறப்புப் பத்திரம், என் கூறைப்புடவை. எல்லாம் தரையோடு தரையாக.

கொலு வைத்த இரண்டாம் நாளிலிருந்து வங்காள விரிகுடாவில் ஒரு புயல் என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கீழ் வரிசையில் நாலு வீடு தமிழ் வீடு, நாலும் கடற்கரை ஊர். கடலூர்க்காரிக்குப் புயல் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தினமும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். மூன்றாம் நாள் அண்ணன் போனில் சிரித்தான். புயல் நம் பக்கம் வராமல் ஆந்திராவில் கரையைக் கடந்துவிட்டதாம். எங்கள் ஊரில் 'கரையைக் கடந்துவிட்டது' என்றால் கதை முடிந்தது என்று பொருள். அதற்கப்புறம் விழுந்த கிளையை வெட்டிப் போட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போவோம். அன்று சாயங்காலம் நாலு வீட்டுக்காரிகளும் சேர்ந்து கேசரி கிண்டினோம்.

அக்கா கொலுவுக்கு வந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார். நான் வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன்.

"புயல் கரையைக் கடந்துடுச்சுக்கா!"

"கடந்துட்டு எங்க போச்சு?"

"எங்க போவும்? வலுவிழந்துடுச்சுன்னு நியூஸ்ல சொன்னாங்களே."

"காத்து வலுவிழந்துச்சு. அது தூக்கிட்டு வந்த தண்ணி?"

"நெலத்துக்கு வந்தா அடங்கிடும்க்கா. நான் எத்தினி புயல் பாத்திருக்கேன்."

"இதுவும் நெலம்தானேம்மா" என்றார் அக்கா. பிறகு கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் சுண்டல் கேட்டார். நான் சிரித்தேன். கடலிலிருந்து இத்தனை தூரத்தில், மேட்டு நிலத்தில் இருக்கிற ஊரில் புயலுக்கு என்ன வேலை? புயலைப் பற்றிக் கடலூர்க்காரிக்கு ஆற்காட்டுக்காரர் சொல்வதா என்ற திமிர் எனக்கு.

இரண்டு நாள் கழித்து விடிகிற நேரத்தில் என் சமையலறை ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. அது கிழக்கு ஜன்னல். இந்த ஊர் மழை மேற்கிலிருந்து வருவது. மூன்று மழைக்காலத்திலும் அந்த ஜன்னலில் ஒரு துளி பட்டதில்லை. வீட்டுக்காரர் முதல் ஷிஃப்டுக்கு அப்போதுதான் போயிருந்தார். இடி விழுந்த வேகத்தில் மின்சாரம் போனது. மேட்டிலிருந்த குல்மொஹர் மரம் முறிந்து விழுந்தது. யார் வீட்டுக் கூரைத் தகடோ எங்கள் வாசலில் வந்து விழுந்து உடைந்தது. ஒன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இதென்ன பருவம் தப்பிய மழை, அரை மணியில் விட்டுவிடும் என்று நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு மேல் அக்கா வந்தார். குடை இல்லை, தலையிலிருந்து தண்ணீர் வழிகிறது. கையில் கண்ணாடிக் குவளை. வேலிக்குள் அதை வைத்துவிட்டு வரக்கூடத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"பொண்ணைத் தூக்கிட்டு மேல என் வீட்டுக்குப் போ. பெட்டியை எடு. அவ்ளோதான், வேற ஒண்ணும் வேணாம்."

"என்னாக்கா ஆச்சு? வெள்ளமா வரப்போவுது?"

"வரப்போவுதான்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மணி நேரத்துல இந்தக் குவளை மூணு தரம் ரொம்பிடுச்சு. இருபத்தஞ்சு வருஷத்துல நான் இந்த வேகத்தைப் பாத்ததில்ல. இந்த ஆத்துங்களோட அணை ரெண்டும் தளும்பி நிக்கிது, போன வாரம் பஸ்ல போறப்ப பாத்தேன். இப்ப ஆறு சொவத்துல பாதிக்கு ஏறிடுச்சு, அதையும் பாத்துட்டுதான் வரேன். நான் பாக்காதது ஒண்ணுதான். உன் பொண்ணு தண்ணிக்குள்ள நிக்கிறது. அதைப் பாக்க எனக்கு இஷ்டமில்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "கொலுவை நடுவுல கலைக்கக் கூடாதேக்கா" என்றேன். விஜயதசமியன்று ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பிறகுதான் படியில் கை வைக்க வேண்டும். அதற்கு இன்னும் நாலு நாள் இருந்தது. நடுவில் பிரித்தால் வீட்டுக்கு ஆகாது என்று பயம். பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் படியைப் பிரித்தாக வேண்டும்.

அக்கா என்னைத் திட்டவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேல் படியிலிருந்த மரப்பாச்சி ராஜாவையும் ராணியையும் எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார்.

"படுத்தாச்சு. கொலு முடிஞ்சுது. பெட்டியை எடு, சல், கெளம்பு."

நான் எடுத்தேன். முழங்கை பட்டு உருண்ட பொம்மைகளைத் திரும்பிப் பார்க்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினேன். சான்றிதழ் இருந்த பெட்டியை மட்டும்தான் கொண்டுபோக முடிந்தது.

அதற்குள் அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனார். தமிழில் ஒரு வீடு, மராட்டியில் ஒரு வீடு, இந்தியில் ஒரு வீடு. நாலாம் நம்பர்காரர் மட்டும் தேநீர்க் கிளாசும் கையுமாக வாசலில் நின்றுகொண்டு, "மாவ்ஷி, நாளைக்குக் காலையில எட்டரைக்குச் சொல்லுங்க" என்று மராட்டியில் நையாண்டி செய்தார். அக்காவின் பேச்சை அக்காவுக்கே திருப்பிவிட்ட சந்தோஷம்.

"நாளைக்கு நீ இருந்தா சொல்றேன்" என்றார் அக்கா, அதே மராட்டியில்.

அந்த மனிதர் கிளாசைக் கீழே வைத்தார். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால்கூட வாயைத் திறக்காத பெண்மணி வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லாரும் கிளம்பியதே அதனால்தான். வேறு யார் வந்து சொல்லியிருந்தாலும் பாதிப் பேர் தேநீர் குடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகளை மேலே இருந்தவர்களிடம் விட்டுவிட்டு, மிச்சப் பெட்டிகளுக்காக நான் மறுபடி இறங்கி வந்தபோது காம்பவுண்டுச் சுவரின் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. ஒன்பது வீடு காலி. பத்தாம் நம்பர் வீட்டில் மட்டும் ஆஜோபா, அதாவது அந்த வீட்டுத் தாத்தா, பக்கவாதத்தில் இரும்புக் கட்டிலோடு கிடந்தார். மகன் வேலையிலிருந்து திரும்பவில்லை. மருமகள் ஒருத்தி கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தூக்குவதற்கு அக்கா, நான், அந்த மருமகள், நாலாம் நம்பர்காரர் என்று நாலே பேர்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு பதினெட்டு.

"அக்கா, டைம் ஆவுது" என்றேன்.

வேலி இருபதடி தூரத்தில் இருந்தது. தண்ணீருக்கு மேலே புனலின் வாய் இன்னும் நன்றாகத் தெரிந்தது. உள்ளே, ஏழு மணிக்குப் பிறகு பெய்த அத்தனை மழையும் குப்பியில் இருக்கிறது. எட்டரைக்குப் போய் எடுத்துவிட்டால் போதும், கணக்கு முழுசு.

"நீங்க இருந்து அளந்துட்டு வாங்கக்கா. நாங்க மூணு பேரு மெதுவா தூக்கிட்டுப் போறோம். கேடயம்க்கா…"

அக்கா வேலியைப் பார்த்தார். கணவர் செத்த அன்று அவர் இறங்கி வந்த படிகளை நான் பார்த்தேன். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்வதும் அவருக்குச் செய்கிற மரியாதை இல்லை. ஒரு மூச்சு நேரம்தான்.

"மூணு பேரு தூக்குனா சாஞ்சுடும்மா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலின் இடதுகால் பக்கம் குனிந்தார்.

அந்தக் கட்டில் கனத்த கனம் இப்போதும் என் தோளில் இருக்கிறது. மேட்டுப் பாதை வழுக்கியது. நாலு அடிக்கு ஒருதரம் இறக்க முடியாது, கீழே தண்ணீர் ஓடுகிறது. ஆஜோபா தன் ஒரு நல்ல கையால் அக்காவின் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் கணுக்கால் தண்ணீரில் நின்று மூச்சு வாங்கியபோது என் கடிகாரம் எட்டரை காட்டியது. நான் சொல்லவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "தூக்கு" என்றார்.

மேலே போய்ச் சேர்ந்து கட்டிலை இறக்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஒன்பது மணி சுமாருக்குக் காம்பவுண்டுச் சுவர் ஒரு சத்தத்தோடு விழுந்தது. செம்மண் நிறத்தில் ஆறு உள்ளே வந்தது. வேலி போயிற்று, மழைமானி போயிற்று, பத்து வீடும் ஜன்னல் வரைக்கும் முழுகியது. என் காகிதக்கூழ்ச் செட்டியார் பொம்மையும் செட்டியாரம்மாவும் கதவு வழியாக மிதந்து வெளியே வந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். ஒருத்தரும் அழவில்லை. நாலாம் நம்பர்காரர் தலைகளை எண்ணினார். முப்பத்தெட்டு. சந்தேகப்பட்டு இன்னொரு தரம் எண்ணினார். அப்போதும் முப்பத்தெட்டு. வேலைக்குப் போனவர்கள் போகப் பத்து வீட்டிலும் சேர்த்து நாங்கள் அவ்வளவு பேர்தான்.

தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்து மழைமானி இருந்த இடத்தைப் பார்வையிட ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நாங்கள் இன்னும் அக்கா வீட்டில்தான் ஒண்டிக்கொண்டிருந்தோம். நான்தான் தேநீர் கொடுத்தேன். நல்ல மனிதர். அக்காவுக்குக் கேடயம் கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர். பேச்சு இந்தியில் நடந்தது. மூன்று வருஷத்தில் எனக்கு அது நன்றாகவே புரியத் தொடங்கியிருந்தது.

"ஏழு மணி வரைக்கும் அளந்தது இருக்கிறது. மிச்சத்துக்குப் பக்கத்து நிலையங்களின் அளவை வைத்து ஒரு எண் போடலாம். இந்த ஊரில் இதுவரை பெய்ததிலேயே பெரிய மழையாகக்கூட இருக்கும்" என்றார் அவர்.

"அவங்க எடத்துல பேஞ்சது அவங்களுது சார். இங்க பேஞ்சதை நான் பாக்கல."

"சரி, அப்படியானால் 'கருவி வெள்ளத்தில் மூழ்கியது' என்று எழுதுங்கள். அதுவும் உண்மைதானே. இயற்கைச் சீற்றம், உங்கள் மேல் குற்றம் வராது. இருபத்தைந்து வருஷமும் தொடர்ச்சியாகக் கணக்காகிவிடும்."

"அது முழுகுனது ஒம்போது மணிக்கு சார். எட்டரைக்கு அது முழுகல. எட்டரைக்கு நான் அங்க இல்ல."

அக்கா புத்தகத்தைத் திறந்தார். மழைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். குறிப்புக் கட்டத்தில் ஆங்கிலத்தில் மூன்று சொல் எழுதினார். அளப்பவர் வரவில்லை என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதிகாரி படியிறங்கியதும் புத்தகத்தைப் பிடுங்கினேன். வராமல் எங்கே போயிருந்தார் என்று அடுத்த வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று பேனாவையும் எடுத்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. இது மழை புஸ்தகம். இதுல மழையைப் பத்தி மட்டும்தான் எழுதணும்."

கேடயம் வரவில்லை. மறுவருஷமே எங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன், மேடையில் மாலை போட்டுக்கொண்டவர்களையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருத்தர் முன்னாலும் எனக்குக் கூச்சம் வந்ததில்லை. அந்த மனுஷியோடு மூன்று வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள் நான் என்ற கர்வம் எனக்கு உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன்.

அரசாங்கத்தின் எந்த அறையிலோ அந்தப் புத்தகம் இருக்கும். அந்த ஒரு கட்டத்தைப் பார்க்கிறவர்கள், பொறுப்பில்லாத பெண்பிள்ளை, பெரிய மழை பெய்த அன்றைக்குப் பார்த்து வரவில்லை என்றுதான் நினைப்பார்கள். இது மழைப் புத்தகம் இல்லை, என் கையைப் பிடிக்க இங்கே யாரும் இல்லை. ஆகவே எழுதுகிறேன். அன்று காலை எட்டரை மணிக்கு அவர் கணுக்கால் தண்ணீரில், பத்தாம் நம்பர் ஆஜோபாவின் கட்டிலுக்கு இடதுகால் பக்கம் இருந்தார். நான் பார்த்தேன்.